பட்டாசு ஊரில் பன்றித் தடுப்பூசி

மாட்டுக்கு ஊசி போட்டால் மாடு மட்டும் உதைக்கும். பன்றிக்குப் போட்டால் அது போடுகிற கூச்சலில் தெருவே வந்து நம்மைத் திட்டும். சாத்தூர் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கும் எனக்கு இது பழகிவிட்டது. அடுத்த உயிருக்கு ஊசி போட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக ஜீவன்களே, உங்களுக்குப் புரியும்.

முதல் சம்மதம்

பக்கத்து ஊரில் பன்றிக் காய்ச்சல் ஒரு கொட்டகைப் பன்றிகளையே காலி செய்துவிட்டது. வந்தபின் மருந்து கிடையாது, வருமுன் தடுப்பூசிதான். வேலம்மாளிடம் ஓடினேன். பட்டாசுக் கம்பெனியில் கை வெந்து, இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று பன்றி வளர்க்க வந்தவர். இருபத்திரண்டு பன்றிகள். அவை போனால் மறுபடி கம்பெனிதான் கதி.

அதனாலேயே, ஊசியே பன்றிகளைக் கொன்றுவிடுமோ என்றும் பயந்தார். நோய் கண்ட பன்றிக்கு இது ஆகாது, நன்றாக இருக்கும்போதே போட வேண்டும் என்று அரை நாள் பேசினேன். கடைசியில் சொன்னார்: “நல்லாத் திங்கிறதப் புடிச்சுக் குத்தணும்ங்கிறீக. சரி, உங்க மூஞ்சிக்காகச் சம்மதிக்கேன், ஊசிக்காக இல்ல.”

நாலு பேர்

ஊசி போடும் நாளில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. கண்டவர் காலிலும் ஒட்டிக்கொண்டு நோய் உள்ளே வரும் என்று பல வருடங்களாகத் துண்டுச் சீட்டு கொடுத்து ஓய்ந்தவள் நான். வாயைத் திறப்பதற்குள் வேலம்மாள் வாசலை மறித்தார். உள்ளே நாலு பேருக்கு மேல் கூடாது, செருப்பு வெளியே, கால் கழுவாமல் யாரும் வரக்கூடாது. வெடி விபத்துக்குப் பயந்து பட்டாசு அறையில் படித்த பாடம் அப்படியே பன்றிக் கொட்டகைக்கு வந்திருந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அவர் கணவர் மாடசாமி மட்டும் முனகினார்: “கம்பெனிய விட்டு வந்தாலும் போர்மேன் நெனப்பு போகல, டாக்டரம்மா.”

சிவப்பு மை

ஊசி போட்ட பன்றிக்கு அடையாளம் வைக்கும் சாயத்தை நான் மறந்து வந்திருந்தேன். பக்கத்து வீட்டு அச்சகத் தொழிலாளி ஒரு டப்பா சிவப்பு மை கொடுத்தார். பத்துப் பன்றிகளின் முதுகில் கோடு போட்டுத் திரும்பினால், பயந்துபோன பன்றிக் கூட்டம் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடந்தது. ஈர மை ஒட்டி இருபத்திரண்டும் சிவப்பு.

தவறு என்னுடையது. இரண்டு முறை போட்டால் பாதகமில்லை, ஒன்று விட்டுப்போனால் ஆபத்து. புது மருந்தை ஐஸ் பெட்டியில் வரவழைத்து, எல்லாவற்றுக்கும் முதலிலிருந்து போட்டேன். மை கொடுத்தவர் சுவரோரம் நின்று சொன்னார்: “தாளையே ஒரு நாள் காயவிட்டுத்தான் நாங்க அடுக்குவோம். நீங்க அஞ்சு நிமிசத்துல பன்னிய அடுக்கிட்டீக.”

சீசன்

ஒரு மாதத்தில் காய்ச்சல் அதே தெருவுக்கு வந்தது. அங்கே ஊசி வேண்டாம் என்று என்னைத் திருப்பி அனுப்பியிருந்த இன்னொருவரின் பன்றிகள் ஒவ்வொன்றாகப் போயின. இன்னொரு முறை அவர் வாசலில் நின்று மன்றாடியிருக்கலாம் என்று இப்போதும் வருந்துகிறேன். வேலம்மாளுக்குத் தினமும் காலையில் போன் செய்வேன். “எந்திரிச்சுத் தொட்டிக்கு வந்துருச்சுக” என்ற பதிலைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காபி இறங்கும். இருபத்திரண்டில் ஒன்றுகூடச் சாகவில்லை.

காய்ச்சல் ஓய்ந்தபின் ஒரு நாள் பார்க்கப் போனேன். கம்பெனி ஏஜென்ட் ஒருவர் வாசலில் நின்றார். தீபாவளி ஆர்டர் குவிகிறது, பழகிய கைகள் வேண்டும் என்று கெஞ்சினார். வேலம்மாள் தழும்பேறிய கையால் தீவனத்தைக் கலக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: “இங்கன இருபத்திரண்டு உசுரு என்னய நம்பி நிக்குது. வேற ஆள் பாருங்கண்ணே.”

கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்கள் என்னைப் ‘பன்றி டாக்டர்’ என்று கிசுகிசுப்பது வாஸ்தவம்தான், ஆனால் ஒரு காய்ச்சலை வாசலோடு திருப்பி அனுப்பியவள் அந்தப் பந்தியில் நான் ஒருத்திதான்.