ஒன்றாம் வகுப்பு நடந்த வீடு

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளியின் ஓட்டுக் கூரை ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. விடுமுறை என்பதால் பிள்ளைகள் தப்பினார்கள். திங்கள் காலை போய்ப் பார்த்தபோது என் நாற்காலி இருந்த இடத்தில் உடைந்த ஓடுகள் குவிந்து கிடந்தன.

எண்பதுகளின் கடைசி அது. ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிட நடையில் இருந்த அந்த அரசுத் தொடக்கப்பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

யூனியன் ஆபீஸ் இன்ஜினியர் வந்து, கூரையின் உத்திரத்தை விரலால் குத்திப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று.

"இதுக்குள்ள ஒருத்தரும் உக்காரக் கூடாது" என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னார். "புதுக் கட்டடத்துக்கு எஸ்டிமேட் அனுப்பறேன். சாங்ஷன் ஆகி வரணும்."

"எப்ப சார் வரும்?"

"வரும் சார்."

பெரிய வகுப்புகளுக்கு மாதா கோயில் கூடம் கிடைத்தது. என் ஒன்றாம் வகுப்புக்குத்தான் இடமில்லை. எதிரே புது லேஅவுட்டில் ஒரு வீடு தளம் போட்டதோடு நின்றிருந்தது. கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. யாரையும் கேட்காமல் பிள்ளைகளை அதன் ஹாலில் உட்காரவைத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை, பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே, வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். கணவர் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்ப்பவர். மனைவிக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். நான் சாக்பீஸோடு எழுந்து நின்றேன். முதல் வரிசையில் இருந்த ஒரு சிறுமிதான் பேசினாள்.

"டீச்சர், இது இவங்க வூடா? ஸ்கூல் இல்லியா?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எத்தனை நாளைக்கு டீச்சர்?" என்று கேட்டார்.

"சாங்ஷன் வர்ற வரைக்கும்க்கா."

"எங்க லோனும் அதுக்குத்தான் நிக்குது" என்றார் கணவர்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் வந்தபோது அக்காவின் கையில் ஒரு மண்பானையும் மூடியும் டம்ளரும் இருந்தன.

லோன்தான் முதலில் வந்தது. பூச்சு வேலைக்கு ஆள் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, பிள்ளைகளை எங்கே கொண்டுபோவது என்று கலங்கிக்கொண்டே போனேன். வாசலில் கொத்தனார் அக்காவிடம் சலித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, எல்லாரும் ஹாலத்தான் மொதல்ல பூசுவாங்க. நீ பின்பக்கத்துலருந்து வரச் சொல்ற?"

"பசங்க படிக்கிறாங்க இல்ல. ஹால் கடைசியா பாத்துக்கலாம்" என்றார் அக்கா.

சாரல் அடிக்காமலிருக்க ஜன்னலுக்கு வெளியே கட்டிவைத்திருந்த தார்ப்பாயைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்படியே பூசாத ஹாலோடு குடிவந்தார்கள். கிரகப்பிரவேசத்தன்று எங்கள் பிள்ளைகளுக்குத்தான் முதல் பந்தி. அதன்பிறகு ஹாலில் நாங்கள் ஆத்திசூடி சொல்ல, சமையலறையில் தாளிக்கும் சத்தம் கேட்கும். "இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அக்காவும் பதில் சொல்வார். எனக்கு அம்மை போட்டபோது இரண்டு வாரம் அவரே வகுப்பு எடுத்தார். திரும்பி வந்தபோது பிள்ளைகள் என்னைவிட அவரிடம்தான் பயந்தார்கள்.

ஒரு வழியாகப் பணம் சாங்ஷன் ஆகி, பழைய கட்டடத்தை இடித்து, கான்கிரீட் தளம் போட்ட இரண்டு வகுப்பறைகள் எழுந்தன. கூரை விழுந்தபின் வந்த இரண்டாவது பொங்கல் விடுமுறை முடிந்து புது அறையில் போய் நின்றேன். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. மணி அடித்தது. ஒரு பிள்ளைகூட வரவில்லை.

வெளியே வந்து பார்த்தால், எதிர் வீட்டு வாசலிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அக்கா, அழுதுகொண்டிருந்த ஒருவனை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"எல்லாம் நேரா வந்து ஹால்ல உக்காந்துடுச்சுங்க டீச்சர். நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

பையனை இறக்கிவிட்டு, செருப்பை வாசலில் கழற்றிவைத்து உள்ளே வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ஜன்னல் பெருசா இருக்கு. நல்ல வெளிச்சம்" என்றார்.

நான் வருகைப்பதிவேட்டைத் திறந்தேன். கடைசிப் பிள்ளை "உள்ளேன் டீச்சர்" சொல்லும்வரை கதவோரம் நின்றார்.

"அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார்.