அக்காவுக்கு முதலில் பந்து எறிந்தது யார்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் தம்பி ஒரு கேள்வி கேட்டான். அக்காவுக்கு பேஸ்பால் முதலில் பழக்கினது யார் என்று. அக்கா யோசிக்கவே இல்லை. பாரிஸ் பக்கத்துப் பொண்டிக் கழகத்தில் இருக்கிற உங்கள் பயிற்சியாளரின் பெயரைச் சொல்லிவிட்டு அப்பளத்தை உடைத்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சோற்றைக் குழைத்தேன். அக்கா சொன்னது பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவன் நான்.

அதை அப்பா நான் எழுதி வைக்கிறேன். நான் இலங்கையில் ஓ.எல். சோதனை வரைதான் படித்தவன், எழுதிப் பழக்கமில்லை. நீங்களும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறீர்கள். அதனால் வசனங்களைச் சின்னதாக வைத்திருக்கிறேன்.

2011இல் அக்காவுக்கு ஒன்பது வயது, தம்பி தள்ளுவண்டியில். சார்செலில் எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடத்தில் இருந்த புல்வெளியில் புதன்கிழமைகளில் ஒரு சின்னக் கழகம் பேஸ்பால் பழக்கியது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் கலந்துதான் விளையாடுவார்கள். அக்காவின் சிநேகிதி ஒருத்தி சேர்ந்தாள், அக்காவும் சேர்ந்தாள். எனக்கு பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பலில் மரக்கறிக் கடையில் வேலை, புதன்தான் லீவு. கூட்டிக்கொண்டு போய் ஓரத்து வாங்குப் பலகையில் இருப்பேன்.

முதலாவது பயிற்சியாளர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரர். நல்ல மனிதர். பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுப்பார், யார் மட்டையைச் சுழற்றினாலும் "பிராவோ" என்பார். அதற்குமேல் அவர் ஒன்றும் பழக்கியதாக எனக்கு ஞாபகமில்லை. வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் நெஞ்சு அடித்தது. இது எங்கள் ஊர் 'எல்லே' அல்லவா என்று. பள்ளிக்கூடத்தில் நாங்கள் விளையாடிய விளையாட்டு. மூங்கில் கட்டையால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடி வருவோம். இங்கே மட்டை வேறு, உடுப்பு வேறு, கையில் தோல் உறை போடுகிறார்கள். மற்றபடி அதே ஓட்டம். பிரான்ஸுக்கு வந்த பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றை இந்த நாட்டுக்காரர்கள் செய்வதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் கடையில் சொன்னேன். என்னோடு வேலை செய்த மன்னார்க்காரர் வெண்டிக்காய்ப் பெட்டியை இறக்கிக்கொண்டே கேட்டார்.

"பேஸ்போலோ அண்ணை? உங்கட பெட்டை பந்தை அடிக்கிறாளோ, பந்து அவளை அடிக்குதோ?"

"இப்போதைக்குப் பந்துதான் அடிக்குது."

"அப்ப நீங்கள் போய் முன்னுக்கு நில்லுங்கோ."

அந்தப் பகிடி பலித்தது. அடுத்த வருடம் மாசி மாதம் வெள்ளைக்காரருக்கு இரண்டு முழங்காலும் ஏலாமல் போய், கடற்கரைப் பக்கம் மகளோடு இருக்கப் போய்விட்டார். புதன்கிழமை பிள்ளைகள் வந்து நின்றார்கள், பழக்க ஆளில்லை. கழகத் தலைவி ஒரு பெண்மணி. பெற்றோரைப் பார்த்து, யாராவது கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். எல்லாரும் குனிந்து போனைப் பார்த்தார்கள். நான் எழும்பினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "என்னால் பந்து எறிய முடியும்" என்றேன்.

அந்த வசந்த காலம் என்னுடையது. இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எல்லேயில் பந்து எறிகிறவன் அடிக்கிறவனுடைய ஆள்தான். அடிப்பதற்கு வாகாகப் போட்டுக் கொடுப்பான். நான் அப்படித்தான் எறிந்தேன். அக்காவின் முழங்கைக்கு எந்த உயரம் சரி என்று எனக்குத் தெரியும். கீழிருந்து அள்ளி அடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவள் அடித்த பந்து கார் தரிப்பிடத்தையும் தாண்டிப் போகும். மற்றப் பிள்ளைகளைப் போல அவளும் என்னை "கோச்" என்று கூப்பிட்டாள். வீட்டில் பிரெஞ்சில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லுகிற பிள்ளை, காரில் வரும்போது முழங்கால் இரண்டையும் மடித்து வைத்துக்கொண்டு, அந்த அடி எப்படி இந்த அடி எப்படி என்று விடாமல் கேட்பாள்.

பிறகு ஒரு ஆட்டம் வந்தது. வேறு ஊர்ப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லேயில் ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து அது பட்டால் அவன் ஆட்டமிழப்பான். பேஸ்பாலில் அது கூடாதென்று தெரியாமல் அதையும் நான் நன்றாகப் பழக்கிவிட்டிருந்தேன். எங்கள் பக்கத்துப் பெடியன் ஒருவன் ஓடிய பிள்ளையின் முதுகில் சரியாகக் குறிபார்த்து எறிந்தான். அந்தப் பிள்ளை குந்தி இருந்து அழுதது. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் கைகளைத் தூக்கிக் குதித்தார்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, இதை யார் பழக்கினது என்று கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

ஆவணி கழிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது புதிய பயிற்சியாளர் வந்துவிட்டார்.

வெள்ளைக்காரர் வருவார் என்றுதான் நினைத்தேன். வந்தவர் தமிழர். பாண்டிச்சேரிப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர், இருபத்தைந்து வயது இருக்கும். பழக்குவதற்கென்று படித்துப் பட்டம் வைத்திருந்தார். என்னைக் கண்டவுடன் கையை நீட்டினார்.

"நீங்கதான் இதுவரைக்கும் பாத்துக்கிட்டீங்களாமே அண்ணே. ரொம்ப நன்றி."

கடையைக் கைமாற்றும்போது பழைய முதலாளிக்குச் சொல்லுகிற நன்றி மாதிரி இருந்தது.

அன்றைக்கு அவர் அக்காவுக்குப் பந்து எறிந்தார். மட்டையில் படவில்லை. இன்னொன்று எறிந்தார். அதுவும் படவில்லை. நான் வாங்கிலிருந்து எழும்பிப் போனேன்.

"தம்பி, பிள்ளை அடிக்கக்கூடிய மாதிரிப் போடலாம்தானே?"

"மேட்ச்ல யாரும் அப்படிப் போட மாட்டாங்களே அண்ணே."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் கூடச் சுட்டது.

பிறகு அவர் அக்காவின் அடியைக் கழற்றத் தொடங்கினார். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. ஒரு ரப்பர்த் தடியின் மேல் பந்தை வைத்து, அசையாத பந்தைத்தான் கிழமைக் கணக்காக அடிக்க விட்டார். கையால் அள்ளக் கூடாது, இடுப்பைத் திருப்பு, மட்டை தானாக வரும் என்றார். நான் பழக்கியதை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். அக்கா கேட்டுக்கொண்டாள். நான் ஒரு சொல் சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்கிறவள், அவர் சொன்னதை முகத்தைக்கூடத் திருப்பாமல் கேட்டாள். அவருடைய தமிழும் வீட்டுக்கு வந்தது. ஒருநாள் அம்மா தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்க, "ஆமா" என்றாள்.

"இந்த வீட்டில 'ஓம்' எண்டுதான் சொல்லுறது," என்றேன்.

அம்மா சிரித்தாள். "பிள்ளை தமிழில வாய் திறந்ததே பெரிசு. அதுக்கும் உங்களுக்குக் கோவமோ?"

கோபம் இல்லை. என்ன என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் இப்போது தெரியட்டும். பொறாமை. அந்த மாரிகாலம் முழுக்க அக்கா பயிற்சி ஆட்டங்களில் ஒரு பந்தும் அடிக்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வரும்போதெல்லாம் பாவம் என்று நினைத்தேன், அதே நேரம் எனக்குள் ஒரு குளிர்ச்சியும் பரவியது. பாருங்கள், என்னுடைய கையில் இருந்தபோது எப்படி அடித்தாள் என்று யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. காரில் அவளிடம் சொல்லியும் பார்த்தேன்.

"அவர் பாக்காத நேரம் பழைய மாதிரி ஒருக்கா அடிச்சுப் பார் அம்மா."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னாள். "அது உங்களுடைய பந்துக்கு மட்டும்தான் சரிவரும், அப்பா."

வசந்தத்தில் அவள் அடித்தாள். எறிந்தவன் அவளைவிட ஒரு முழம் உயர்ந்த பெடியன், வேகமாக எறிந்தான். மட்டையில் பட்ட சத்தமே வேறு. என்னுடைய காலத்தில் பந்து உயரே போய் விழும். இது தாழ்வாக, நேராக, ஆட்களுக்கு நடுவே ஊசி போலப் போனது. அவள் தளங்களைச் சுற்றி ஓடி வந்து முதலில் போனது பயிற்சியாளரிடம். உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டினாள். என்னிடம் வந்தது தண்ணீர்ப் போத்தலுக்கு.

அவர் வந்து இரண்டு வருடம் ஆனது. மண்டல அணித் தெரிவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மற்றப் பெற்றோர் வந்து என் கையைப் பிடித்தார்கள். நான் அவர்களுக்குப் பயிற்சியாளரைக் காட்டினேன். நல்ல மனிதனாகத் தெரிந்திருப்பேன்.

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை, கடையில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்ற நேரம், அவர் வந்தார். நான் ஏப்ரனோடு மரவள்ளிக் கிழங்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மண்.

"அண்ணே, நான் பொண்டி கிளப்புக்குப் போறேன். அங்க பெரிய பசங்க டீம் இருக்கு, பொண்ணுங்களுக்கும் தனியா இருக்கு. பாப்பா அங்க வந்தா நல்லா வருவா. புதன், சனி ரெண்டு நாள். நீங்க அனுப்புவீங்களான்னு கேக்கத்தான் வந்தேன்."

"சனிக்கிழமை எனக்கு வேலை தம்பி."

"அவளே டிரெயின்ல வரலாம். திரும்பும்போது வேணும்னா நான் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து விடறேன்."

"தூரம்," என்றேன். "சரிவராது."

அவர் வற்புறுத்தவில்லை. சும்மா வெளியே போகக் கூடாதென்று ஒரு கட்டுக் கறிவேப்பிலை எடுத்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். மன்னார்க்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல பெடியன் அண்ணை. தமிழ்தான் கொஞ்சம் சினிமா மாதிரி."

"அந்தப் பெட்டியை இஞ்சை எடுங்கோ," என்றேன்.

அக்கா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் வென்றிருப்பேன். எங்கள் புல்வெளிக்கு அந்த வருடம் ஒரு மாணவன் பயிற்சியாளராக வந்தான். பந்து எறிவதும் போன் பார்ப்பதுமாக நின்றான். அக்கா சில புதன்கிழமை போனாள். பிறகு வயிற்றுக்குத்து என்றாள், பிறகு வீட்டுப்பாடம் என்றாள். அம்மா ஒருநாள் உடுப்பு மடித்துக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சாருங்கோ. உங்களுக்கு அந்தப் பெடியனில எரிச்சல். எரியுங்கோ, ஆர் வேண்டாமெண்டது? பிள்ளையை ஏன் பிடிச்சு வைக்கிறியள்?"

"தூரமெண்டுதானே சொன்னனான்."

"ஓம், ஓம். லா ஷப்பலுக்குப் புடவை எடுக்கப் போகேக்குள்ள தூரம் தெரியிறேல்லை."

நான் பல்கனிக் கதவுப் பக்கம் போனேன். வெளியே அக்கா விளக்குமாற்றுத் தடியோடு நின்றாள். என்னை அவள் கவனிக்கவில்லை. தடியைத் தோளுக்கு மேல் பிடித்து, கொஞ்சம் நின்று, இடுப்பைத் திருப்பினாள். தடி தானாக வந்தது. மறுபடியும் செய்தாள். என்னுடையது ஏதாவது அதில் இருக்கிறதா என்று கண்ணாடிக்குப் பின்னால் நின்று தேடினேன். முழங்கையைப் பார்த்தேன், பாதத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அது அவ்வளவு வடிவாக இருந்தது. பார்க்க ஒரு ஆள்கூட இல்லாத இடத்தில் அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள்.

நான் அறைக்குள் போய் அவருக்கு போன் எடுத்தேன். "தம்பி, பிள்ளை வருவாள்," என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். அவர் சந்தோஷப்பட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதை மறைத்து என்ன? இன்றைக்கும் பொண்டியில் வேலிக்கு வெளியே நின்று, அவர் அக்காவின் காதோடு ஏதோ சொல்ல அவள் தலையாட்டுவதைப் பார்த்தால், என்ன சொன்னார் என்று கேட்கத்தான் நான் ஆசைப்படுகிறேன். கேட்டதில்லை.

பொண்டிக்குப் போகலாமென்று அக்காவுக்குச் சொன்ன அந்தக் கிழமை, ஞாயிறு மத்தியானம் கடை மூடியதும் நான் வீட்டுக்கு வரவில்லை. கார் டு நோர் ரயில் நிலையத்தில் இறங்கு படியில் போய், சார்செல் ரயில் வந்து நிற்கிற மேடையில் நின்றேன். அங்கிருந்து, பொண்டி ரயில் வருகிற மஜெந்தா நிலையத்துக்குப் போகும் வழியை, பன்னிரண்டு வயதுப் பிள்ளை பார்க்கிற உயரத்தில் அறிவித்தல் பலகை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நடந்தேன். பொண்டி ரயிலில் கடைசிப் பெட்டியில் ஏறினேன். அது பிழை. இறங்கினால் மேடை முழுக்க நடந்துதான் வெளிவாசலுக்கு வரவேண்டும். மைதானம் வரை போனேன். கதவு பூட்டியிருந்தது. வழியில் ஒரு அகலமான தெரு, கடக்கும் விளக்கில் பச்சை மனிதன் கெதியாக மறைந்துவிடுகிறான், அதை இரண்டு தரம் கடந்து பார்த்தேன்.

பிறகு நிலையத்துக்குத் திரும்பி, எதிர்ப்பக்க ரயிலில் ஒரு நிலையம் பின்னுக்குப் போய் இறங்கி, பொண்டிக்கு வருகிற அடுத்த ரயிலில் நடுப்பெட்டியில் ஏறி மறுபடியும் வந்தேன். கதவு திறந்தபோது வெளிவாசலுக்குப் போகிற படிக்கட்டு நேரே முன்னால் இருந்தது.