ஸ்கூட்டி சீட்டில் போட்ட கையெழுத்து

அஞ்சலாட்சியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வேறு யாராவது எழுதினால் என்னை விட்டுவிட்டு எழுதுவார்கள். அது அவளுக்கு நான் செய்கிற இன்னொரு துரோகமாகிவிடும்.

அவளுக்கு சாரம் பகுதியில் வீடு. அப்பா ஆலைத் தொழிலாளி. ஆலை மூடியதும் வீட்டில் உட்கார்ந்தவர் மறுபடி எந்த வேலைக்கும் போகவில்லை. அஞ்சலாட்சியின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது அப்போதுதான். இப்போது வயது முப்பத்தெட்டு. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் இரண்டு மணிக்கு வெளியே வருவாள். ஒரே மகள் சுடர்விழி எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பாசிரியை நான்தான், மாலா.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள், தலைமைக்கும் ஒரு பெற்றோர். பள்ளிக்கு என்ன குறை என்று அவர்கள் கூடிப் பேசித் தீர்மானம் எழுதி அனுப்பினால்தான் மேலே ஏதாவது அசையும். சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. எங்களிடம் வந்து சேர்ந்ததுதான் அதன் கஷ்டகாலம்.

குழு அமைத்த அன்று, யார் தலைவி என்று கேட்டதும் வந்திருந்த அம்மாக்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வேலை முடிந்து நீல நிற யூனிஃபார்மோடு நேராக வந்திருந்த அஞ்சலாட்சி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா, யூனிஃபார்ம் போட்டிருக்கீங்களே, நீங்க இருந்துடுங்களேன்" என்றார் தலைமையாசிரியை ஹேமலதா மேடம். கை தட்டினார்கள். அவள் எழுந்து நின்று கும்பிட்டாள். மறுநாளிலிருந்து தெருவில் அவளைத் 'தலைவி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கேலியாகத்தான். ஒரு மாதத்தில் கேலி போய் அதுவே பெயராக நின்றுவிட்டது. கேஸ் சிலிண்டர் வராவிட்டாலும் அவளிடம்தான் சொன்னார்கள்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூட்டம். பதினோரு மணிக்கு அவள் வார்டில் தரை துடைத்துக்கொண்டிருப்பாள். கூட்டத்தைச் சாயங்காலம் வைக்கலாமா என்று ஒருமுறை கேட்டாள். "மூணரைக்குக் கூட்டம்னா டீச்சருங்க எப்ப வீட்டுக்குப் போறது?" என்றார் மேடம். முதலில் தலையாட்டியவள் நான். எனக்கு மூன்று ஐம்பதுக்கு பஸ்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தோம். கூட்டம் நடக்காது, தீர்மானம் மட்டும் நடக்கும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பள்ளியில் பெயர். அதனால் எழுதும் வேலை என்னுடையது. "போன வருஷத்தப் பாத்து எழுதிடுங்க மாலா" என்பார் மேடம். தேதியை மட்டும் மாற்றி எழுதுவேன். சாயங்காலம் மணி அடித்ததும் தீர்மானப் புத்தகத்தோடு கேட்டுக்குப் போவேன். மகளைக் கூட்டிப்போக வந்த அஞ்சலாட்சி புத்தகத்தை ஸ்கூட்டி சீட்டின்மேல் வைப்பாள். காற்றில் தாள் பறக்காமல் சுடர்விழி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். இனிஷியலோடு முழுப் பெயரையும் நிதானமாக எழுதிவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, "சரியா இருக்கா டீச்சர்?" என்று கேட்பாள் அஞ்சலாட்சி. கையெழுத்தைத்தான் கேட்டாள். மேலே எழுதியிருந்ததை ஒரு நாளும் கேட்டதில்லை. "சூப்பரா இருக்குக்கா" என்பேன். பஸ் வந்துவிடும் என்ற கவலை எனக்கு.

பொங்கல் கழிந்து பள்ளி திறந்தபோது மோட்டார் எரிந்துபோயிருந்தது. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறவில்லை. நாற்றம் தாங்காமல் அதைப் பூட்டச் சொன்னார் மேடம். பையன்கள் மதிலுக்குப் பின்னால் போனார்கள். ஆசிரியைகளின் கழிப்பறைக்குத் தனிக் குழாய், அதில் தண்ணீர் வந்தது. அதன் சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அஞ்சலாட்சியின் தெருவில் பூக்கட்டும் செல்வாம்பாளின் மகள் சிந்துஜா எட்டாம் வகுப்பு. வயதுக்கு வந்த பெண். பள்ளியில் ஒதுங்க இடமில்லாமல் மாதத்தில் நான்கு நாள் வராமல் இருந்தாள். செல்வாம்பாள் தலைவியிடம் போய்ச் சொன்னாள்.

"பாத்ரூமப் பூட்டி வெச்சிருக்காங்களாம். கூட்டத்துல கொஞ்சம் பேசேன்."

"பேசுறேன்க்கா."

ஒரு வாரம் கழித்து செல்வாம்பாள் மறுபடி கேட்டபோது, "பேசிட்டேன். செய்றோம்னுட்டாங்க" என்றாள் அஞ்சலாட்சி. பேசவில்லை. பேசுவதற்குக் கூட்டம் என்று ஒன்று இருந்தால்தானே! அதைத் தெருவில் எப்படிச் சொல்வாள்? தலைவி என்று கூப்பிடுகிறார்களே. பிற்பாடு என்னிடம் சொன்னாள், "உங்ககிட்ட கேக்கத்தான் கேட்டாண்ட நின்னேன். நீங்க பஸ்ஸுக்கு ஓடிட்டீங்க டீச்சர்." ஓடித்தான் இருப்பேன்.

மார்ச் மாதம் சுடர்விழிக்குக் காய்ச்சல். கூடவே நீர்க்கடுப்பு. அஞ்சலாட்சி தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே மகளைக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா பெண்ணிடம் தண்ணீர் குடிப்பாயா என்று கேட்டார். பள்ளிக்கூட நாட்களில் குடிப்பதில்லை என்றாள். ஏன் என்று கேட்டதும் காரணத்தைச் சொன்னாள். டாக்டரம்மா அஞ்சலாட்சியைத் திரும்பிப் பார்த்தார்.

"தெனம் இங்க எத்தன பாத்ரூம் கழுவுற நீ? ஒம் பொண்ணு ரெண்டு மாசமா அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காளே."

மகளை வீட்டில் விட்டுவிட்டு, யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் அஞ்சலாட்சி தலைமையாசிரியை அறைக்குள் வந்தாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். "இது பள்ளிக்கூடமா, இன்னாது? உங்க ஊட்டுப் பொண்ணா இருந்தா இப்பிடிப் பூட்டுவீங்களா?" என்று கேட்டாள். மேடத்துக்கும் கோபம் வந்துவிட்டது. பீரோவிலிருந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து மேசைமேல் போட்டார்.

"படிங்க. பிப்ரவரி தீர்மானம்."

'பெண்கள் கழிப்பறையைக் குழு நேரில் பார்வையிட்டது. தண்ணீர் வசதி நல்ல முறையில் உள்ளது. இவ்வாண்டு பழுதுபார்ப்பு தேவையில்லை.' கீழே இனிஷியலோடு முழுப் பெயர்.

"இதுதான் மேல போச்சு. ரிப்பேர் லிஸ்டுல நம்ம பள்ளிக்கூடமே இல்ல. யாரு கையெழுத்தும்மா இது?"

சத்தம் கேட்டு வந்த நான் பீரோவை ஒட்டி நின்றிருந்தேன். அடியில் இருந்தது யார் கையெழுத்து என்றுதான் மேடம் கேட்டார். மேலே முத்து முத்தாக இருந்தது யாருடையது என்று கேட்கவில்லை. அது போன வருஷம் எழுதியதைப் பார்த்து எழுதியது. போன வருஷத்தது அதற்கு முந்தைய வருஷத்தைப் பார்த்து எழுதியது. அப்போது தண்ணீர் வந்தது. சாவியை இழுப்பறையில் வைத்துக்கொண்டே, பூட்டிய கழிப்பறையில் தண்ணீர் நன்றாக வருகிறது என்று இந்தக் கைதான் எழுதியிருக்கிறது.

அஞ்சலாட்சி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சத்தம் அடங்கிப்போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யூனிஃபார்ம் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "கூட்டம் போடுங்க மேடம். மூணரைக்கு. நான் எல்லாரையும் இட்டாறேன்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்பு அறையில் நாற்பது அம்மாக்கள், பிள்ளைகளின் பெஞ்சில் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சல் தெளிந்திருந்த சுடர்விழி வாசலில் நின்றாள். அஞ்சலாட்சி பிப்ரவரி தீர்மானத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்தாள். "கீழ என் கையெழுத்து. படிக்காமப் போட்டேன்" என்றாள்.

செல்வாம்பாள் எழுந்தாள். "பேசிட்டேன்னு சொன்னியேடி?"

"பேசல. பொய் சொன்னேன்க்கா. நான் ஒரு கூட்டத்துக்கும் வந்ததே இல்ல."

"எம் பொண்ணு பள்ளிக்கூடத்த உட்டு நின்னு ஒரு மாசம் ஆவுது. இனிமே போவ மாட்டேன்றா."

அஞ்சலாட்சி என்னைக் கைகாட்டுவாள் என்று காத்திருந்தேன். காட்டவில்லை. நானே எழுந்து 'எழுதியது நான்' என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. நாற்பது பேருக்கு முன்னால் நான் எழவே இல்லை. பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளை எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்கிறவள் நான். வெட்கக்கேடு.

புதுத் தீர்மானம் எழுதச் சொன்னார்கள். மோட்டாரை உடனே சரிசெய்ய வேண்டும், பழைய தீர்மானம் தவறு என்று மேலே தெரிவிக்க வேண்டும், சிந்துஜாவை வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும், தண்ணீர் வரும்வரை ஆசிரியைகளின் கழிப்பறைச் சாவி பெண் பிள்ளைகளிடம் இருக்க வேண்டும். எழுதிப் புத்தகத்தை நீட்டினேன். அஞ்சலாட்சி பேனாவைத் தொடவில்லை.

"படிச்சிக் காட்டாம இனிமே போட மாட்டேன்" என்று சொல்லி மகளைக் கூப்பிட்டாள். சுடர்விழி வந்து கணீரென்று படித்து முடித்தாள். அஞ்சலாட்சி அவள் தலையைத் தடவினாள்.

"அன்னைக்கும் உன்னையப் படிக்கச் சொல்லியிருக்கணும் கண்ணு."

"அன்னைக்கும் படிச்சேம்மா. பேப்பர் பறக்காமப் புடிச்சிக்கினு இருந்தேன்ல, அப்ப."

"படிச்சியா? ஏன்டி சொல்லல?"

சுடர்விழி என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். "டீச்சர் எழுதியிருக்காங்க. நீ கையெழுத்து போடற. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிதான் செய்றீங்கன்னு நெனச்சேன். தண்ணி குடிக்காம இருந்துக்கலாம்னு இருந்துட்டேன்."

நாற்பது பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் போய் மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்துவந்து சுடர்விழியின் கையில் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அஞ்சலாட்சி குனிந்து, இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதினாள். சரியா இருக்கா டீச்சர் என்று இந்த முறை கேட்கவில்லை.