ஆடி பீரோவில் இருந்த சேலை

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் திண்டுக்கல் கடைவீதிக்குப் பட்டுச்சேலை எடுக்கப் போனவர்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான என் தாய்மாமன், நான். வராதவள் அக்கா. யாருக்குச் சேலை எடுக்கப் போனோமோ அவள்தான் வரவில்லை. வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் மூன்று வருடக் கணக்குக்கு அவளைச் சேர்த்திருந்தோம். ஹாஸ்டலில் தங்கி வேலை. ஆடி முடியும்போது அவள் கணக்கும் முடியும், மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும், ஆவணியில் கல்யாணம். அதுவரை ஒருநாள் லீவு போட்டாலும் கணக்கு தள்ளிப்போகும் என்று வார்டன் சொல்லிவிட்டார்.

முகூர்த்தச் சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. பெண்ணழைப்புக்குக் கட்டுகிற பட்டு மட்டும் பெண்வீட்டுப் பொறுப்பு. பிறந்த வீட்டிலிருந்து அவள் கட்டிக்கொண்டு இறங்கும் சேலை அது. அதைத்தான் எடுக்கப் போனோம்.

ஆடியில் கல்யாணத் துணியா என்று கேட்பீர்கள். அப்பாவும் அதையேதான் கேட்டார்.

சேவுகம்பட்டிப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் மல்லிகை. காலையில் பறித்த பூ நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகும். பூவுக்கு விலை இருந்தால் வீட்டில் செலவு இருக்கும். ஆனாலும் எந்த மாதம் எந்தக் கடைக்குப் போவது என்பது பூவிலை முடிவு செய்கிற விஷயம் இல்லை. ஆனி பிறந்தால் நோட்டுக் கடை. பிரவுன் அட்டையின் வாசனையோடு ஒரு கட்டு நோட்டை அப்பா தோளில் வைத்துக்கொண்டு வருவார், நான் சுமந்தால் மூலை மடங்கிவிடுமாம். புரட்டாசியில் கறிக்கடைப் பக்கமே போவதில்லை. ஐப்பசியில் ஜவுளிக்கடை, கூடவே அதிரசத்துக்கு வெல்லம் வாங்க மளிகைக் கடை. மார்கழிப் பனிக்குச் செடி பூக்காது. விலை இருக்கும், பூ இருக்காது. ரேஷன் கடை அரிசியும் தெருமுனைக் கடைப் பருப்புமாக அந்த மாதம் ஓடும். தை வந்தால் பானையும் கரும்பும் சுண்ணாம்பும். மாசியில் குலசாமிக்குக் கிடா. சித்திரையில் பூ கொட்டும், விலை விழும், அம்மா பாத்திரக் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு மட்டும் வருவாள். ஆடியில் எந்தக் கடையும் கிடையாது. அப்பா ஆடியில் செருப்புக்கூட வாங்கியதில்லை. வார் அறுந்தால் ஊக்குக் குத்திக்கொண்டு நடப்பார்.

இப்போது நான் சம்பளம் வாங்குவதே இந்த மாதிரி விஷயத்துக்குத்தான். நாடு முழுக்க மக்கள் சென்ற மாதத்தைவிட இந்த மாதம் எந்த வகைக் கடையில் கூடுதலாகச் செலவழித்தார்கள், எதில் குறைத்தார்கள் என்று கணக்கெடுக்கும் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். கணக்குத் தாளில் மளிகைக்கு ஒரு பத்தி, ஜவுளிக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று. அண்மையில் ஆன்லைன் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். சேர்த்த அன்றே சண்டை வந்தது. ஒருவர் மாதக் கடைசியில் கம்ப்யூட்டரில் பணம் கட்டுகிறார், பெட்டி அடுத்த மாதம்தான் வீட்டுக்கு வருகிறது. இது எந்த மாதத்து வியாபாரம்? ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். இந்தச் சண்டையை ஏற்கெனவே திண்டுக்கல் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைக் கல்லாவுக்கு முன்னால் நின்று பார்த்தவன் நான். அவர்களிடம் சொல்லவில்லை.

சேலை எடுக்கப் போன அந்த ஆடியில் நான் கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் வருடம். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அக்காவை ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் நான் எதைச் சொன்னாலும் வீட்டில் ஒரு நிமிடம் அமைதியாகக் கேட்பார்கள், பிறகுதான் மறுப்பார்கள். ஆடியில் எடுத்தால் விலையில் கால்பங்கு தள்ளுபடி, அதே சேலை ஆவணி பிறந்த அன்றே முழுவிலை என்று விளக்கினேன்.

"கல்யாணத்துக்கு ஆடியில எடுத்தாகன்னு ஊருல சொல்லணுமாக்கும்" என்றார் அப்பா.

"ஆடிப் பதினெட்டு நல்ல நாள்தான மச்சான்" என்றார் மாமா.

"அது வெதைக்கிறதுக்கு. கட்டுறதுக்கு இல்ல."

மாமாவுக்கும் தள்ளுபடியில் ஒரு கண். "காலேசு படிக்கிறவுக சொல்றாக, நாம என்னத்தக் கண்டம்" என்று என்னையும் இடித்துவிட்டு, ஒரு வழி சொன்னார். ஆடியில் போய்ப் பார்த்து வைப்போம், காசையும் கட்டிவிடுவோம், சேலையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவோம், ஆவணி ஒன்றாம் தேதி போய் எடுத்து வருவோம். வீட்டு வாசலைச் சேலை மிதிப்பது ஆவணியில்தானே.

அப்பா செருப்பு வாரில் குத்தியிருந்த ஊக்கைத் திருகிக்கொண்டிருந்தார். தறியில் இருக்கிற சேலை மாதிரி, கடையில் இருக்கும்வரை அது நம்முடையது ஆகாது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். "அப்ப ஆடியில வாங்கல, ஆவணியிலதான் வாங்குறம்" என்றார் கடைசியில்.

"ஆவணியிலதான் மச்சான்."

கடையில் கூட்டம் தாங்கவில்லை. எங்கள் யோசனை எங்களுக்கு மட்டும் வந்ததில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பட்டுப் பகுதிக்குப் பின்னால் வரிசையாக இரும்பு பீரோக்கள். காசு கட்டிய சேலையை மஞ்சள் காகிதத்தில் சுற்றி, பேர் எழுதி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆடி பீரோ என்றே அதற்குப் பெயர்.

"பாதி ஜில்லாக் கல்யாணம் இதுக்குள்ளதான் தூங்குது" என்றார் சேலை விரித்துக் காட்டிய விற்பனையாளர். "பயப்படாதீங்கய்யா, பத்திரமா எழுப்பிக் குடுப்பம்."

அம்மா ஒவ்வொரு சேலையையும் புறங்கையால் தடவிப் பார்த்தாள். மாமா கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட ஒன்றை உருவினார். பச்சை மங்கலம், வயலுக்குப் பச்சை, அம்மனுக்குப் பச்சை என்று அவரே விற்பனையாளராகிவிட்டார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவளிடம் பட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை. கையில் அதை மடித்து வைத்துக்கொண்டு கீழே வைக்க மனமில்லாமல் நின்றாள். அப்பா பூக் காசை எண்ணிக் கட்டினார். மஞ்சள் காகிதத்தில் அக்கா பேரை எழுதினார்கள், பீரோவைச் சாத்தினார்கள். வெறுங்கையோடு பஸ் ஏறினோம். செம்பட்டி தாண்டும்வரை அம்மா அந்தக் கரையைப் பற்றியே பேசினாள்.

ஆவணி ஒன்றாம் தேதி ஐந்து பேராகப் போனோம். மில் கணக்கு முடித்து அக்கா வந்திருந்தாள். மூன்று வருடப் பஞ்சுத்தூசியில் லேசாக இருமல், மற்றபடி அதே அக்கா. அவளுடைய மொத்தப் பணம் அப்பாவின் உள்பையில் இருந்தது. ஜவுளிக்கடையில் சேலையை வாங்கிக்கொண்டு, பாத்திரக் கடைக்குப் போய்ப் பித்தளை அண்டா எடுப்பது என்று ஏற்பாடு. அண்டா இல்லாமல் பெண்ணை அனுப்புவதில்லை என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

விற்பனையாளர் பீரோவைத் திறந்து மஞ்சள் காகிதத்தைப் பிரித்து, அக்கா தோளில் சேலையைப் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்தினார்.

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள்.

"பச்சையாம்மா?" என்றாள்.

"ஏன்த்தா, நல்லாத்தான இருக்கு?"

"நல்லாருக்கு." சேலையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்தாள். "மூணு வருசமா பச்சையிலதான் நின்னேன். சட்டை பச்சை, தொப்பி பச்சை. சரி, இருக்கட்டும்."

மில்லில் பெண்களுக்குப் பச்சைச் சீருடை என்பது எங்கள் எவருக்கும் தெரியாது. அவளைப் பார்க்கப் போகிற ஞாயிறுகளில் அவள் வீட்டுத் தாவணியில்தான் மில் கேட்டுக்கு வருவாள். என்ன நிறம் வேண்டும் என்று அவளைக் கேட்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. எங்கள் பக்கம் பெண்ணைக் கேட்டா சேலை எடுக்கிறார்கள்?

அம்மாதான் விற்பனையாளரிடம் மெல்லக் கேட்டாள், வேறு நிறம் மாற்றித் தருவீர்களா என்று. அவர் கல்லாவைக் கை காட்டினார்.

கல்லாவில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். "ஆடி மால் திரும்ப எடுக்கிறதில்லைங்கம்மா. தள்ளுபடியில போனது."

மாமா முன்னால் வந்தார். "எங்கண்ணே போச்சு? உங்க பீரோவுலதான கெடந்துச்சு? நாங்க இன்னும் வாங்கவே இல்லையே."

"வாங்காமத்தான் காசு கட்டினீங்களா?"

"காசு கட்டுனம். வாங்கல. வாங்குறதுக்குத்தான் இன்னைக்கி வந்துருக்கம்."

"அப்ப ஒரு மாசமா உங்க சேலைக்கு நான் வாடகையில்ல கேக்கணும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் கையிலும் மஞ்சள் காகிதம். அவர்களில் ஒரு பெரியம்மா மாமாவின் பக்கம் பேசினார். கல்யாணத் துணியை ஆடியில் யாராவது வாங்குவார்களா, நாங்களெல்லாம் இன்றைக்குத்தான் வாங்குகிறோம் என்றார். இன்னொருவர், அப்படியென்றால் இன்றைய விலையைக் கட்டு என்றார். கடையே இரண்டாகப் பிரிந்தது. அக்கா மட்டும் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்புக் கலையாமல், ஹாஸ்டலில் சீருடை மடித்துப் பழகிய கை.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏலே அப்பு. நீ படிச்சவன். சொல்லு. இத நாம எப்ப வாங்குனம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆவணி என்று சொன்னால் மாமாவின் வழக்கு பலப்படும், அக்காவுக்கு வேறு சேலை கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் அப்பா என்னிடம் வாதம் கேட்கவில்லை, உண்மையைக் கேட்டார். பொருளைப் பார்த்து, விலை பேசி, பணம் கைமாறிய அன்று வியாபாரம் முடிந்தது. நான் படித்தது அதுதான்.

"ஆடியிலதான்ப்பா" என்றேன்.

மாமா தலையில் கை வைத்தார். கல்லாக்காரர் எனக்கு நன்றி சொல்வதுபோலச் சிரித்தார்.

அப்பா தலையாட்டினார். "அப்ப இது கல்யாணத்துக்கு ஆகாது" என்றார். "ஆடியில வாங்குனதக் கட்டி எம் மகள எறக்க மாட்டேன். வேற எடுங்க."

பட்டுப் பகுதியில் மறுபடி பாய் விரித்தார்கள். இந்த முறை அப்பா எதையும் தொடவில்லை. "நீயே பாரு" என்று மட்டும் அக்காவிடம் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அவள் முதலில் விலைச்சீட்டைப் பார்த்துப் பார்த்துத் தள்ளினாள். "சீட்டப் பாக்காதத்தா, சேலையப் பாரு" என்றார் அவர். உன் காசுதானே என்று அவரும் சொல்லவில்லை, என் காசுதானே என்று அவளும் சொல்லவில்லை.

கத்திரிப்பூ நிறத்தில் ஒன்றை எடுத்தாள். கண்ணாடி முன் நின்று ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் திரும்பினாள். முன்பு பார்த்ததைவிட வெகுநேரம் பார்த்தாள்.

அப்பா நிஜமாகவே ஆடியை நினைத்துத்தான் அப்படிச் சொன்னாரா, அக்கா சேலையை மடித்த விதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அவர் இன்றும் ஆடியில் செருப்பு வாங்குவதில்லை என்பதால் முதலாவதும் உண்மையாக இருக்கலாம்.

பாத்திரக் கடைக்குப் போகவில்லை. அண்டாவுக்கு வைத்திருந்த பணம் ஜவுளிக்கடைக் கல்லாவிலேயே இறங்கிவிட்டது. அண்டா எங்கே என்று சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை கேட்டார்கள். மாமா அதைப் பேசிச் சமாளித்தார். அலுவலகத்தில் ஜவுளிப் பத்தி ஏறிப் பாத்திரப் பத்தி இறங்கிய மாதங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கணக்கில் ஓர் அண்டாவைத் தேடுகிறேன்.

பெண்ணழைப்பு அன்று அக்கா கத்திரிப்பூ நிறத்தில் இறங்கினாள். பக்கத்தில் அம்மா, கிளிப்பச்சையில். "ஆடிச் சேலைய நான் கட்டலாமா?" என்று அவள் கேட்டதற்கு, "உனக்கு எப்பவோ கல்யாணம் ஆயிருச்சு, கட்டு" என்றிருந்தார் அப்பா. போட்டோவில் அக்காவைவிட அம்மாதான் அதிகம் வெட்கப்படுகிறாள்.

தள்ளுபடி போகப் பச்சைக்கு மூவாயிரத்து இருநூறு, முழு விலையில் கத்திரிப்பூவுக்கு நாலாயிரத்து நூற்றைம்பது. மலிவாக ஒரு சேலை எடுக்கப் போன எங்களுக்குக் கடைசியில் ஆனது ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.