பேய்ப்படத்தின் இரண்டாம் பாகம்

எங்கள் வீட்டில் ஹலோவீனுக்கு முதன்முதலில் வேடம் போட்டவர் அப்பா என்று நான் ஓர் ஐந்து நிமிடம் நம்பினேன். அந்த ஐந்து நிமிடத்துக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கிரவீன் என்ற புறநகரில் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அன்று பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டமும் நடையுமாக வந்ததற்குக் காரணம் ஒரு டிவிடி. மனிதரைக் கண்டால் மயங்கி விழும் ஒரு குண்டுப் பேயின் கதை. முதற்பாகத்தை அப்பாவும் நானும் வயிறு நோகச் சிரித்துப் பார்த்திருந்தோம். இரண்டாம் பாகத்துக்கு நூலகத்தில் பெயர் பதிந்துவிட்டு ஏழு வாரம் தவம் கிடந்தேன். ஹலோவீன் அன்று சேர்ந்து பார்ப்பதாக அப்பா சத்தியம் பண்ணியிருந்தார்.

கதவைத் திறந்தால் அப்பா மீசை இல்லாமல் நிற்கிறார். மேலில் சட்டை இல்லை. இடுப்பில் வேட்டி, நெற்றியிலும் நெஞ்சிலும் திருநீறு. நான் கைதட்டிச் சிரித்தேன். ஹலோவீன் என்றாலே வெள்ளைக்காரரின் விசர் என்று முகம் சுளிக்கிற மனுஷன், எனக்காக மீசையையே எடுத்துவிட்டாரே என்று எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

அம்மா என் வாயைப் பொத்திக் குசினிக்குள் இழுத்துப் போனார். "சிரியாதை பிள்ளை. அப்பப்பா மோசம் போயிட்டார். இண்டைக்குச் செத்தவீடு."

அப்பப்பாவை எனக்குத் தெரியாது. தொலைபேசியில் இருமுகிறவர் என்ற அளவில்தான் தெரியும். நாங்கள் படகில் வந்தபோது நான் கைக்குழந்தை. அப்பா அவருக்கு ஒரே மகன். கொள்ளி வைக்க வேண்டியவர். ஆனால் எங்களிடம் இருந்தது தற்காலிக விசா. நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வரமுடியாது. அங்கே ஊரில் அப்பப்பாவின் தம்பி மகனான பெறாமகன் ஒருவரைக் கொள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, முறைக்கு அப்பா இங்கே இருந்தபடி தன் மீசையை மழித்திருந்தார். இதையெல்லாம் அம்மா நாலு வசனத்தில் சொல்லி முடித்தார். நான் கேட்ட ஒரே கேள்வி, "அப்ப படம்?" என்பதுதான். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

யாழ்ப்பாணத்துச் செத்தவீடு எங்கள் டிவியில் நேரலையாக ஓடியது. திரையின் மூலையில் வீடியோக்காரரின் விளம்பரம் மின்னிக்கொண்டே இருந்தது. அப்பா கதிரையைத் தள்ளிவிட்டு நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். அங்கே சடங்குக்குச் சுண்ணம் இடித்தார்கள். பேரப்பிள்ளை முறைக்கென்று என்னிலும் சிறியவர்கள் பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். நெருப்பைப் பிடிக்க அவர்களை மட்டும் விடுகிறார்களே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு கமெரா சுடலைக்குப் போனது.

"கொள்ளி வைக்கிறவர் முன்னுக்கு வாங்கோ," என்று அங்கே யாரோ கூப்பிட்டார்கள்.

அப்பா இருந்த இடத்திலிருந்து எழும்பிவிட்டார்.

எழும்பிய பிறகுதான் அவருக்கு எங்கே நிற்கிறோம் என்று பிடிபட்டிருக்க வேண்டும். திரையில் அந்தப் பெறாமகன் முன்னால் வந்தார். அந்த நேரம் பார்த்து வாசல் கதவு தட்டப்பட்டது. நின்றுகொண்டிருந்தவர் அப்பாதான், அவரே போய்த் திறந்தார். எலும்புக்கூடாகவும் சூனியக்காரியாகவும் இரண்டு பிள்ளைகள் பையை நீட்டிக்கொண்டு நின்றார்கள், பின்னால் அவர்களின் தாய். சாவுத் துடக்கு வீட்டிலிருந்து தின்னக் கொடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். அப்பா வெறுங்கையை விரித்து "ஸொறி" என்றார். அந்தத் தாய் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேடம் பிரமாதம் என்று ஆங்கிலத்தில் பாராட்டினாள். அப்பா "தாங்க்யூ" என்றார்.

அவர் திரும்பி வந்தபோது கொள்ளி வைத்து முடிந்திருந்தது. பெறாமகன் திரும்பிப் பாராமல் நடந்துபோக, கமெரா புகையைக் காட்டிக்கொண்டிருந்தது. வைத்தாயிற்றா என்று அப்பா அம்மாவைக் கேட்டார். அம்மா தலையாட்டினார். அப்பா குளிக்கப் போனார்.

குளித்துவிட்டு வந்தவர் நான் டிவிடியை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருப்பதைக் கண்டார். துடக்கு வீட்டில் படமா என்று அம்மா தடுத்தார். "விடும். பிள்ளைக்குச் சொன்னது சொன்னதுதான்," என்று அப்பா என் பக்கத்தில் வந்து இருந்தார். எனக்கு வென்றுவிட்ட சந்தோசம்.

இந்த முறை குண்டுப் பேய்க்குத் தன் வீட்டு விலாசம் மறந்துவிட்டது. பஸ் மாறி மாறி ஏறிக் கண்ட கண்ட கதவையெல்லாம் தட்டியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். என்னைவிடக் கூடவே சிரித்தார். சிரிப்பில்லாத இடங்களிலும் அவருடைய தோள் குலுங்கியது. துவாயால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். முதற்பாகத்தைவிட இது திறம் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன்.

"சத்தத்தைக் கூட்டு பிள்ளை," என்றார். கூட்டினேன். கொஞ்ச நேரத்தில், "இன்னும் கூட்டு." அம்மா எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார். பேய் ஊளையிட்டதில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா முகத்திலிருந்து துவாயை எடுக்காமலே, இன்னும் என்று கையைக் காட்டினார்.

"இதுக்கு மேல ஏறாது அப்பா," என்றேன். "துவாயை எடுங்கோ, நல்ல கட்டம் போகுது."