குளத்துக்குள் கடல் நிறம்

காலை ஆறரைக்குத் தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். பாபநாசம் இருபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் பதினொரு ரூபாய். மடியில் தண்ணீருக்குள் படமெடுக்கும் கேமரா. முந்தின வாரம் தரங்கம்பாடிக் கடலில் எடுத்த மீன் படங்களை ஆபீசே மெச்சியிருந்தது. அந்தத் தலைக்கனமும் கூடவே வந்தது.

அங்கிருந்து ஆட்டோவில் நாலு கிலோமீட்டர், நாற்பது ரூபாய். என்னோடு வேலை செய்யும் மாரிமுத்துவின் அக்கா திலகம் குளக்கரையில் காத்திருந்தார். நில உச்சவரம்பில் எடுத்த நிலத்திலிருந்து அவருடைய அப்பாவுக்கு அரசாங்கம் ஒரு ஏக்கர் பட்டா கொடுத்தது. அதில் பாதி தன்னுடையது என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். கரை கரைந்து குளம் அகன்றதில் எல்லைக்கல் தண்ணீருக்குள் போய்விட்டது. கல்லில் சிவப்புப் பெயிண்டில் எழுதிய சர்வே நம்பர் தெரிகிற மாதிரி படம் கொண்டுவந்தால், அளக்க ஆள் அனுப்புவதாக அதிகாரி சொல்லியிருந்தாராம்.

எட்டரைக்குக் குளத்தில் இறங்கினேன். கடல்நீர் சிவப்பைத் தின்றுவிடும். அதனால் சிவப்பைக் கூட்டித் தர கேமராவில் தனி அமைப்பு உண்டு. கலங்கிய தண்ணீரென்றால் வெள்ளைத் துணி ஒன்றை உள்ளே பிடித்து, அதைப் பார்த்து நிறத்தை நாமே அமைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல், போன வாரக் கடல் அமைப்பே போதும் என்று திலகத்திடம் சொன்னேன்.

“இது கலங்கல் தண்ணியாச்சே சார், கடல் கணக்கு இதுக்குச் சரியா வருமா?” என்று திலகம் கேட்டார்.

“அதெல்லாம் கேமரா பாத்துக்கும்மா” என்றேன், பெரிய இவன் மாதிரி. பதினொரு படம் எடுத்தேன். கரையில் வெயில் கூசியது. திரையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

திலகமும் கூட வந்தார். பதினொன்றரைக்குப் பாபநாசம் ஸ்டூடியோவில் பிரிண்ட் வந்தது. கல் முழுக்கச் செங்கல் நிறம். நம்பர் அதற்குள் கரைந்துபோயிருந்தது. ஸ்டூடியோக்காரர் ஒன்றரை மணி வரை கம்ப்யூட்டரில் சிவப்பைக் குறைத்துப் பார்த்தார், எல்லாமே சாம்பலானது. சரி, மறுபடி எடுத்துவிடலாம் என்று ஆட்டோ பிடித்து ஓடினோம். இரண்டு மணிக்குக் குளத்தில் மூழ்கினால், கல் இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. யார் பிடுங்கினார்களோ, கல் எந்த இடத்தில் இருக்கிறது என்று காலையில் மூழ்கி மூழ்கிக் காட்டிக்கொடுத்தவன் நான்தான்.

நாலரை பஸ்ஸுக்குத் திலகமும் வந்து நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“படம் போனாப் போவுது சார். நீங்க தொட்டுக்கிட்டு நின்னு பாத்தீங்கள்ல? ஆபீஸ்ல வந்து சொன்னாப் போதும். என்ன நம்பரு போட்டிருந்திச்சு?”

கல் படத்தின் சட்டத்துக்குள் நேராக நிற்கிறதா என்றுதான் பதினொரு தடவையும் பார்த்தேன். நம்பரைப் படிக்கவே இல்லை. அதை அவரிடம் சொன்னேன்.

பஸ் வந்ததும், அவர் என் ஈரமான கேமராப் பையை நனையாத பக்கமாகப் பிடித்து என்னிடம் எடுத்துக் கொடுத்தார்.