வெர்ன் கோஸ்கெலாவின் பனிப் பொத்தான்

"உங்க வெப்சைட்டுல மண்புழுவை 'மண்புளு'ன்னு போட்டிருக்கீங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

எதிர்முனையில் இருக்கும் தூண்டில் கடைக்காரர் இன்னும் கடையையே திறக்கவில்லை. பேசுவது யார் என்று கேட்கிறார். வெர்ன் கோஸ்கெலா தன் பெயரைச் சொல்கிறார். உங்கள் இணையதளத்தைக் கட்ட உதவிய 'லூன்' மென்பொருள் எங்கள் கம்பெனி சரக்குதான் என்கிறார். கடைக்காரர் கலவரமாகி, "ஏதாவது ரிப்பேருங்களா?" என்கிறார். "இல்லீங்க, புழு மட்டும்தான்," என்று சொல்லிவிட்டு வெர்ன் அடுத்த ஆளைத் தேடிப் போகிறார்.

டுலூத் நகரில், ஒரு பவுலிங் கூடத்தின் மாடியில், தினமும் காலையில் இது நடக்கும். மற்ற முதலாளிகள் ஆபீசுக்கு வந்ததும் விற்பனை எப்படி என்று பார்ப்பார்கள். வெர்ன் தன் மென்பொருளை வைத்து யார் யார் என்னென்ன கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் போய் வருவார். பல் டாக்டர், மீன் வறுவல் விருந்து நடத்தும் தேவாலயம், ஈமச்சடங்கு நிலையம், ஒருவர் விடாமல் எட்டிப் பார்ப்பார். கம்பளிக் காலுறைமேல் செருப்பு. கையில் ஏலக்காய் ரொட்டி. அதன் தூள் முழுவதும் கீபோர்டுக்குள். ஒரு பக்கம் மிகவும் அழகாக இருந்தால் "பரவால்லியே" என்பார். அந்த ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. கல்யாணப் பெண்ணையே அப்படித்தான் புகழ்வார்கள்.

கம்பெனி என்றால் மொத்தம் மூன்று பேர். புரோகிராம் எழுதத் தெரியாதவர்களுக்கு லூன், தெரிந்தவர்களுக்கு ஒரு கருவிப்பெட்டி. இரண்டையும் ஆதியில் எழுதியவர் வெர்ன். இப்போது எழுதிக்கொண்டிருப்பவள் பஹுவா வாங். காதில் ஹெட்போனை மாட்டினால் பேச மாட்டாள். அதைக் கழற்றிவிட்டால் மற்ற இருவரும் பேச மாட்டார்கள். மூன்றாவது ஆள் வெர்னின் அக்கா ட்ரூடி. வாடிக்கையாளர்களின் போன் அவர் பொறுப்பு. கீழே பந்து உருண்டு கட்டைகள் சரியும் சத்தம் போனில் கேட்டு யாராவது பதறினால், "சர்வர் வேலை செய்யுதுங்க," என்பார், கண் இமைக்காமல்.

வெர்னுக்கு ஒரு பலவீனம் உண்டு. எதையும் தூக்கிப்போட மாட்டார். கம்பெனி தொடங்கிய முதல் குளிர்காலத்தில் அவர் லூனுக்குள் ஒரு பொத்தானை வைத்தார். அழுத்தினால் இணையப் பக்கத்தின்மேல் பனி பெய்யும். கீழே சின்ன எழுத்தில் 'மகிழுங்கள்' என்று வேறு போட்டிருந்தார். அந்தக் காலத்தில் ஆட்கள் அதை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு மென்பொருளில் எல்லாமே மாறிவிட்டது. பனி மட்டும் மாறவில்லை.

"அந்தப் பனி எப்படி ஓடுதுன்னு உங்களுக்கே தெரியாது, வெர்ன்," என்று பஹுவா பலமுறை சொல்லிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் ஒரு கதவைத் திறந்தா அந்தப் பக்கம் ஜன்னல் உடையுது. எடுத்துடலாம்."

"ஒருத்தர் பயன்படுத்துறாரேம்மா."

உலகத்திலேயே ஒருவர்தான். அரிசோனாவில் யூமா என்ற ஊரில் கள்ளிச்செடிப் பண்ணை வைத்திருக்கும் எல்வுட் டிப்பெட். அவருடைய இணையப் பக்கத்தில் கள்ளிகளின்மேல் வருடம் முழுக்கப் பனி கொட்டும். வெர்ன் காலைச் சுற்றில் அங்கே மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பார். "பாவம் மனுஷன். பாலைவனத்துல உக்காந்துக்கிட்டுப் பனிக்கு ஏங்குறான்," என்பார். ஒருநாளும் அவரிடம் பேசியதில்லை. எல்வுட்டின் பக்கத்தில் எழுத்துப் பிழையே இருக்காது. கூப்பிட என்ன காரணம் சொல்வது?

இந்த ஜூலையில் புதிய பதிப்பு வெளியானது. வெளியான அன்றே, லூனில் கட்டிய எல்லா இணையதளங்களிலும் பனி பெய்யத் தொடங்கியது.

முதல் போன் நீச்சல் குளம் கட்டுகிறவரிடமிருந்து. அடுத்தது பல் டாக்டர். நோயாளிகள் பல் உதிர்கிறது என்று நினைக்கிறார்களாம். மூன்றாவதாக ஈமச்சடங்கு நிலையத்துப் பெண்மணி, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "இறந்தவரோட படத்து மேல வெள்ளையா விழுதுங்க. இது மேலேருந்து வர்ற சேதியான்னு குடும்பத்துல கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

ட்ரூடி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு தம்பியைப் பார்த்தார். "மேலேருந்து வர்ற சேதியாடா?"

"மாடியிலேருந்துன்னு சொல்லு," என்றார் வெர்ன், தலையைத் தூக்காமல்.

ஒரே ஒரு பாதிரியார் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை விட்டுவைக்க முடியுமா என்று கேட்டார். மற்றவர்கள் அத்தனை பேரும் திட்டினார்கள். திட்டவும் செய்யாமல், "வேற கம்பெனி பார்த்துக்கறோம்," என்று அமைதியாகச் சொன்னவர்கள்தான் வெர்னை அதிகம் வருத்தினார்கள். அதில் ஒருவர் தூண்டில் கடைக்காரர்.

பஹுவா மதியச் சாப்பாட்டுக்கு முன் பனியை நிறுத்திவிட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"மினியாபொலிஸ்ல ஒரு பெரிய கம்பெனி என்னைக் கூப்பிட்டுட்டே இருக்கு. நான் போக வேணாம்னுதான் இருந்தேன். இப்ப நீங்களே சொல்லுங்க. அந்தப் பட்டன் இருக்கணுமா, நான் இருக்கணுமா?"

வெர்ன் ரொட்டியை மென்றார். வெகுநேரம் மென்றார். "அந்த மனுஷனுக்கு வேற யார் பனி குடுப்பா?" என்றார் கடைசியில்.

பஹுவா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ட்ரூடி நாற்காலியோடு திரும்பினார்.

"ஏண்டா, புழுவுக்கும் பூச்சிக்கும் ஊரெல்லாம் போன் பண்றியே, அந்தாளுக்கு ஒரு போன் பண்ணிக் கேக்க மாட்டியா? இந்தப் பொண்ணு போயிட்டா கம்பெனியில மிச்சம் இருக்கறது நீயும் நானும்தான். நான் உன்னைச் சின்ன வயசுலேயே போதும் போதும்னு பார்த்தாச்சு."

அவரே எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை மேசை நடுவில் வைத்தார்.

எல்வுட் டிப்பெட்டின் குரல் மெதுவாக, மரியாதையாக வந்தது. வெர்ன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாவுச் சேதி சொல்கிறவரைப் போல ஆரம்பித்தார். "உங்க பனியைப் பத்திப் பேசணும், மிஸ்டர் டிப்பெட். அதை நாங்க எடுக்க வேண்டிய நிலைமை…"

"எடுக்க முடியுமா?"

"என்னது?"

"இல்ல, எடுக்க முடியும்னு சொன்னீங்களே, நிஜமாவா?" எல்வுட் அவசரமாகக் கேட்டார். "நான் தெரியாம அமுக்கிட்டேன் சார். பல வருஷமாச்சு. நிறுத்தறதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அதை அமுக்கினா இன்னும் ஜாஸ்தியா கொட்டுது. வர்றவங்க எல்லாம் உங்க கள்ளி குளிர் தாங்குமான்னு கேக்குறாங்க. ரெண்டு பேரு வாங்கிட்டுப் போயி வெளிக் குளிர்ல வச்சுச் சாகடிச்சுட்டாங்க."

ட்ரூடி வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே!" என்றார் வெர்ன்.

"உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு இருந்துட்டேன். கீழ 'மகிழுங்கள்'னு வேற எழுதியிருந்துச்சா, நானும் மகிழப் பார்த்தேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு எல்வுட் சொன்னார்: "நானும் உங்க பக்கத்து ஆள்தாங்க, ஹிப்பிங்ல பொறந்தவன்."

அதற்குமேல் வெர்னுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஹிப்பிங் பக்கத்துக்காரர்கள், வீடு பற்றி எரிந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடத் தயங்குகிறவர்கள். வெர்னின் அப்பாவும் அந்த ஊர்தான். பனிக்காகவும், செத்த கள்ளிகளுக்காகவும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தார்.

பஹுவா பையை மெல்லக் கீழே இறக்கி வைத்தாள். பனியின் வரிகள் அத்தனையையும் திரையில் தேடியெடுத்தாள். அவற்றின் தலைமாட்டில் வெர்ன் என்றைக்கோ தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்பு இருந்தது: 'தொடாதே. ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை.'

அவள் அதைப் படித்தாள். சிரிக்கவில்லை. "நீங்களே அழிக்கிறீங்களா?" என்று கேட்டாள், இதுவரை அவரிடம் பேசாத ஒரு மெல்லிய குரலில்.

வெர்ன் தலையை ஆட்டி மறுத்தார். நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வலது கையால் அக்காவின் விரல்களைப் பிடித்துக்கொண்டார். இடது சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டச் சொல்லி ட்ரூடியிடம் நீட்டிவிட்டு, ஊசிக்குப் பயந்த பையனைப் போல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ம், அமுக்கும்மா," என்றார்.